இரண்டாம் ஓலைக்குப் பிறகு வந்த கட்டில்

சனிக்கிழமை என்றால் எங்கள் ஆபீசில் அரை நாள்தான். பீச் ஸ்டேஷனில் ரயில் ஏறி ராயபுரத்தில் இறங்கி, கையில் காலி சாப்பாட்டு டப்பாவோடு வீட்டுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன். சந்து முனையிலிருந்தே எங்கள் வாசலில் கூட்டம் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வாசலில் கூட்டம் கூடினால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் சண்டை. ஓட்டமும் நடையுமாகக் கிட்டே போய்ப் பார்த்தால், கூட்டத்துக்கு நடுவில் ஒரு கட்டில்.

இரண்டு பேர் தாராளமாகப் படுக்கிற தேக்குக் கட்டில். கைவண்டியில் பாகம் பாகமாகக் கொண்டுவந்து, தெருவிலேயே பூட்டி நிறுத்தியிருந்தார்கள். வார்னிஷ் வாசனை மீன் வாசனையையே அமுக்கியிருந்தது. தலைமாட்டுப் பலகையில் இரண்டு புறாக்கள் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டிருந்தன. அதன் ஓரத்தில் பக்கத்து வீட்டு மீன்காரம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவள் வீட்டுக் கட்டில் மாதிரி சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா கண்ணு, கட்டிலு வந்துகீது. மாப்ள எப்போ வர்றாரு?" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு மூன்றாவது ஓலை வாசிப்பதாக இருந்தது.

ஓலை என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் வேதக்காரர்களில், அதாவது கத்தோலிக்கர்களில், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அறிவிப்புச் செய்வார். இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், யாருக்காவது தடை தெரிந்தால் வந்து சொல்லுங்கள் என்பார். பெயர்தான் ஓலை, வாசிப்பது காகிதத்தைப் பார்த்துத்தான். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால் கல்யாணம் பாதி நடந்த மாதிரி. அதற்கப்புறம் பின்வாங்கினால் பெண்ணுக்கு என்ன கோளாறோ என்று ஊரே ஆராய ஆரம்பித்துவிடும். எனக்கு இரண்டு ஓலை முடிந்திருந்தது. இரண்டாவது வாசித்த அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பெண் சாப்பிடாவிட்டால் அதற்கு வெட்கம் என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

என் நைனாவுக்குத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. மேலே கூண்டில் உட்கார்ந்திருப்பவருக்குக் கீழே நிற்பவன் தொண்டை கிழியக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே எல்லாமே கை ஜாடை, தலை ஜாடைதான். கீழே இருக்கிறவன் கையைச் சுழற்றினால் தூக்கு, விரித்தால் நிறுத்து. நைனா தலையாட்டினால் சரி, புரிந்துவிட்டது என்று அர்த்தம். வருஷக்கணக்காக அப்படியே பழகி, வீட்டிலும் அவருக்குத் தலையே வாயாகிவிட்டது. சோறு போதுமா என்றால் ஒரு ஆட்டு. மழை வரும் போலிருக்கிறதே என்றால் ஒரு ஆட்டு. அவர் ஆமாம் என்கிறாரா, கேட்டுக்கொண்டேன் என்கிறாரா, பேசாமல் போ என்கிறாரா என்று எங்களுக்கே பல சமயம் தெரியாது. கோபம் வந்தால் மட்டும் வாய் திறக்கும். திறந்தால் காசிமேடு வரைக்கும் கேட்கும்.

அந்த நைனாதான் முதல் ஓலைக்கு முந்தின வாரம் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு, கல்மண்டபம் தாண்டி மெயின் ரோட்டில் இருக்கிற மரக்கடைக்குப் போனார். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனோம். கடைக்காரர் எங்கள் கோயில் பங்கைச் சேர்ந்தவர், பூசையில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருகிறவர். நல்ல மனுஷர். ஆனால் பேச ஆரம்பித்தால் நடுவில் நாம் ஒரு வார்த்தை நுழைக்க முடியாது. ஒரு கட்டிலைத் தட்டிக் காட்டி, "இதே அளவு, தலமாட்டுல மட்டும் ரெண்டு புறா வச்சி, பாப்பாவுக்கு ஜம்முனு பண்ணிடலாம், இன்னா அண்ணாத்த?" என்றார். நைனா தலையாட்டினார்.

அம்மா மெதுவாக, "பீரோவா இருந்தா தேவல" என்றாள். அம்மா சொல்வது எப்போதுமே பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும்தான் கேட்கும். பக்கத்தில் நின்றது நான். நான் ஒரு அலமாரிக் கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி நடக்கும்போது அம்மா, "மாப்ள வூட்ல இருக்குறதே ஒரு ரூம்பு. இத்தாம் பெரிய கட்டில எங்கங்க போடுவா?" என்று நைனாவிடம் கேட்டாள். நைனா அதற்கும் தலையாட்டினார். எங்களைப் பொறுத்தவரை கட்டில் பேச்சு அதோடு முடிந்தது. அச்சாரம் கொடுக்கவில்லை, அளவு சொல்லவில்லை, நாள் குறிக்கவில்லை.

கடைக்காரரைப் பொறுத்தவரை அங்கேதான் ஆரம்பித்தது. தபசு காலம் நாற்பது நாளும் எங்களில் கல்யாணம் கிடையாது. பாஸ்கா, அதாவது ஈஸ்டர், முடிந்ததும் எல்லாக் கல்யாணமும் மொத்தமாக வந்து தலையில் விழும். ஒவ்வொரு வீடாகப் போய்ச் செய்யவா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருந்தால் ஒரு கட்டில்கூடக் கோயில் மணிக்கு முன்னால் தயாராகாது. அதனால் அவர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். கடைக்கு வந்து மரம் பார்த்துவிட்டுப் போனவர்கள் வீட்டுப் பெயர் ஓலையில் வருகிறதா என்று ஞாயிற்றுக்கிழமை காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வந்தால் திங்கட்கிழமை காலையில் மரத்தில் ரம்பம் வைத்துவிடுவார். வேண்டாம் என்கிறவர்கள் அதற்குள் வந்து வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இருந்தால் செய் என்று அர்த்தம். பங்கில் எல்லாருக்கும் இது தெரியும். நைனாவுக்கும் தெரியும். அவர் மறந்துவிட்டார், அவ்வளவுதான்.

மாப்பிள்ளையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் அவர் மேல் பழி போட்ட மாதிரி ஆகிவிடும். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. பெண் பார்க்க வந்தபோது ஒரே ஒரு முறை பார்த்தேன். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, வெள்ளைச் சட்டை, குடியோ சீட்டோ கிடையாது என்று சொன்னார்கள், அது உண்மையும்தான். அவர் அம்மா, "கல்யாணம் ஆனா வேலைய வுட்ரணும், எண்ணூர்லேந்து தெனம் ரயில் புடிச்சி போறதெல்லாம் நமக்கு ஆவாது" என்றார். நைனா தலையாட்டினார். அந்தப் பிள்ளை தட்டிலிருந்த வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய பேஜாராக இருந்தது. ஒரு குடிகாரனாக இருந்திருந்தால் நான் பாட்டுக்கு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருப்பேன்.

முதல் ஓலைக்கு முன்னால் சாமியார் பங்களாவுக்குப் போய் மந்திரம் ஒப்பிக்க வேண்டும். கல்யாணம் செய்யப் போகிறவர்களுக்கு செபங்கள் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். நான் விசுவாசப் பிரமாணம் வரைக்கும் தங்கு தடையில்லாமல் சொன்னேன். பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறியிருந்த புதிது, பழைய செபத்தையும் புதிய செபத்தையும் கலந்து குழப்பாமல் சொன்னதற்குச் சாமியார் என்னைப் பாராட்டினார். பிறகு, "இந்தக் கல்யாணத்துல உனக்குச் சம்மதந்தானே?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்தேன். சிவப்பு சிமெண்டுத் தரை, நடுவில் ஒரு விரிசல். வாயைத் திறந்தால் என்ன வரும் என்று எனக்கே தெரியாததால் அந்த விரிசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பின்னாலிருந்து நைனா, "சம்மதம் சாமி" என்றார். சாமியார் என்னையும் பார்த்தார். குனிந்த தலையும் கணக்கில் சேர்ந்துவிட்டது. நான் தலையாட்டவில்லை, குனிந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்பது அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். நைனா ஷிப்ட் முடிந்து எனக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்திருந்தார் போலிருக்கிறது. காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் கடைக்காரர். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அம்மா.

"யாரக் கேட்டுயா செஞ்ச?" என்றார் நைனா. வாய் திறந்துவிட்டது என்று புரிந்துகொண்டேன்.

"இன்னா அண்ணாத்த இப்டி கேக்குற? உன்னத்தான் கேட்டேன். நீதான தலையாட்டுன?"

"மரம் நல்லாகீதுன்னு ஆட்டுனேன்யா."

"கிரேன்ல குந்திகினு நீ தலையாட்டுனா மூட்ட மேல போவுதா இல்லியா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நைனாவின் கூட வேலை செய்கிற ஒருவர் பின்னால் நின்றுகொண்டு இன்னும் பலமாகச் சிரித்தார். நைனாவுக்குக் காது சிவந்துவிட்டது.

"அது ஆர்பரு. இது உன் கட. உனுக்கு அச்சாரம் எதுனா குடுத்தேனா?"

"நம்ம கோயில்ல ஓலை படிச்சா அதான் அச்சாரம். ரெண்டு ஓலை படிச்சாச்சு. நீயும் கேட்டுகினுதான குந்தியிருந்த? வாணாம்னா மொத ஓலை அன்னிக்கே வந்து வாணாம்னு சொல்லிகீணும். பூசை முடிஞ்சி வாசல்ல பாத்தேன், சிரிச்சிட்டுப் போன. நா இன்னான்னு நெனைக்கிறது?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. கூட்டத்தில் பாதிப் பேர் அவர் பக்கம் சாய்வது எனக்கே தெரிந்தது. மீன்காரம்மா கட்டிலை ஒரு தட்டுத் தட்டி, "மரம் சுத்தமான தேக்கு. வாங்கிப் போடுய்யா, பொண்ணுக்குத்தான" என்றாள். அம்மா நைனாவைப் பார்த்தாள். ஓலையோடு சம்பந்தப்பட்ட விஷயத்தைத் தெருவில் வைத்து இழுக்க வேண்டாமே என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது.

நைனா இழுத்தார். அன்றைக்கு அவர் பேசினது எனக்கு இன்னும் அப்படியே நினைவிருக்கிறது, ஏனென்றால் அதற்கு முன் அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ஓலை படிச்சா? ஓலை கல்யாணத்துக்குய்யா, கட்டிலுக்கு இல்ல. ஒருத்தன் சும்மா நிக்கசொல்ல நீயே கேட்டு நீயே சரின்னுகினா அது ஆர்டரா? பேசாம இருந்தா சம்மதமா? தல அசஞ்சா சம்மதமா? நா வாயத் தொறந்து 'சரி, செய்யி'ன்னு ஒரு வார்த்த சொன்னேனா? சொல்லாத வார்த்தைக்கி நீ ஒண்ணு செஞ்சி இஸ்துகினு வந்து, இந்தா உன்னுதுன்னு வாசல்ல நிறுத்துனா, நா எடுத்து உள்ள வச்சிக்கணுமா? எந்த ஊரு நாயம்யா இது?"

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவர் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் சூடேறியது. பல நாளாக நான் எனக்குள்ளே சொல்லிச் சொல்லிப் பார்த்து, வாய்க்கு வராமல் போனது எல்லாவற்றையும் என் நைனாவே நடுத்தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு கட்டிலுக்காக. எனக்கு ஆத்திரம் வந்தது. அழுகையும் வந்தது. எது முதலில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"நைனா, நானும் சொல்லல" என்றேன்.

"இன்னாத்த சொல்லல?"

"சாமியாராண்ட. கல்யாணத்துக்கு. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லல. நீதான் சொன்ன."

மீன்காரம்மா கட்டில் மேலிருந்த கையை எடுத்துக்கொண்டாள். நைனா என்னைப் பார்த்தார், பிறகு கடைக்காரரைப் பார்த்தார், அவர் ஏதாவது பதில் வைத்திருப்பார் என்பது போல. கடைக்காரர் கட்டிலைப் பார்த்தார்.

அப்போது வாசலிலிருந்து அம்மா, "என்னையுந்தான் யாரும் கேக்கல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்க உள்ளே போய்விட்டாள்.

மீன்காரம்மா எழுந்து கூடையைத் தூக்கிக்கொண்டாள். அவள் நகர்ந்ததும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். சண்டை என்றால் நின்று வேடிக்கை பார்ப்பார்கள், இது சண்டை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரர் மட்டும் தயங்கித் தயங்கி நின்றார்.

"அப்போ கட்டிலு?" என்றார்.

"இருக்கட்டும். நாளைக்கி சொல்றேன்" என்றார் நைனா. அவருடைய குரல் இறங்கியிருந்தது.

"நாளைக்கி மூணாவது ஓலை அண்ணாத்த."

"தெரியும்யா. போ."

கட்டில் தெருவிலேயே நின்றது. பிரித்தால்தான் எங்கள் வாசலுக்குள் நுழையும், அதைப் பிரிக்க யாருக்கும் அப்போது மனசு இல்லை. நைனா அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தாள், அதையும் அங்கேயே குடித்தார். வெயில் சாய்ந்து, கடல் பக்கமிருந்து காற்று கிளம்பியது. போகிறவர் வருகிறவர் எல்லாம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். எங்கள் சந்தில் ஒரு மனிதர் வேலை உடையோடு தேக்குக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடிப்பதை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. நான் உள்ளே ஜன்னலோரம் நின்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குக் கோபம் என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அந்த முதுகு கோபமான முதுகு இல்லை. எனக்குப் பயமாக இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"இங்க குந்து."

கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்தேன். நடுவில் இன்னொருவர் படுக்கிற அளவு இடம் இருந்தது.

"அந்தப் புள்ள எதுனா தப்பா பேசிச்சா?"

"இல்ல."

"வேற யாருனா கீறாங்களா?"

"இல்ல நைனா."

"அப்பால இன்னாமா?"

"நீ கேக்கவேயில்ல."

அவர் தலை அசைய ஆரம்பித்தது. பாதியிலேயே அதை நிறுத்திக்கொண்டார். அவர் அப்படித் தன் தலையைத் தானே பிடித்து நிறுத்தினதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி. இப்போ கேக்கறேன். உனுக்கு சம்மதமா?"

கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கேட்கவில்லையே என்கிற குறையைத் தூக்கிச் சுமந்துகொண்டிருந்தேனே தவிர, கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு நாளும் யோசித்து வைத்திருக்கவில்லை. இப்போது யோசித்தேன். அந்த வெள்ளைச் சட்டையை நினைத்துப் பார்த்தேன். காலையில் ரயிலில் கதவோரம் நின்றால் முகத்தில் அடிக்கும் காற்றை நினைத்தேன். ஆபீசில் என் டைப்ரைட்டருக்கு மேலே நான் போட்டுவிட்டு வந்த உறையை, திங்கட்கிழமை அதை எடுக்கப் போகிற என் கையை நினைத்தேன். "வேலைய வுட்ரணும்" என்று அவர் அம்மா சொன்னபோது வடையை விட்டு நிமிராத அந்தக் கண்களை நினைத்தேன். அந்த ஒரு நிமிஷம் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்திருந்தால்கூட என் பதில் வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

"இல்ல" என்றேன். அவர் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

"யோசிச்சி சொல்லு."

"யோசிச்சிதான் நைனா சொல்றேன்."

நைனா எழுந்து உள்ளே போய் முகம் கழுவி வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு நடந்தார். சாமியார் மறுநாள் பிரசங்கத்துக்குத் தயார் செய்துகொண்டிருந்தார். நைனா நின்றுகொண்டே, "மூணாவது ஓலை படிக்க வாணாம் சாமி. பொண்ணுக்குச் சம்மதமில்ல" என்றார். சாமியார் அவரைத் தாண்டி என்னைப் பார்த்து, "நீ சொல்லு" என்றார். அதே சிவப்புத் தரை, அதே விரிசல். இந்தத் தடவை நான் குனியவில்லை. "எனக்குச் சம்மதமில்ல சாமி" என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கே இத உன் வாயால கேட்டிருக்கணும்" என்று சொல்லி எழுந்துகொண்டார். என்னிடம் சொன்னாரா, தனக்குத்தானே சொல்லிக்கொண்டாரா என்று தெரியவில்லை.

மறுநாள் பூசையில் வேறு இரண்டு ஜோடிகளுக்கு ஓலை வாசித்தார்கள். எங்கள் பெயர் வர வேண்டிய இடத்தில் சாமியார் காகிதத்தை மடித்து வைத்தார். இரண்டு வரிசை முன்னாலிருந்து கடைக்காரர் கழுத்தை முழுக்கத் திருப்பி எங்களைப் பார்த்தார். கோயிலே திரும்பிப் பார்த்தது, ஆனால் எனக்கு ஞாபகம் இருப்பது அவர் முகம்தான். பாவம், அவருக்கு அந்தக் கட்டிலில் எத்தனை நாள் வேலை போயிருக்கும்.

பூசை முடிந்ததும் நைனா நேராக எண்ணூர் பஸ் ஏறினார். நானும் வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார், வாயால்தான் சொன்னார். அங்கே என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று அவர் கடைசி வரை எங்களிடம் சொல்லவில்லை. திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, சாப்பிடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். என் ஒரு வார்த்தைக்காக அவர் அங்கே எத்தனை வார்த்தை வாங்கிக் கட்டிக்கொண்டாரோ. எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அதற்காக நான் என் வார்த்தையை மாற்றிக்கொள்ளவும் நினைக்கவில்லை. சொந்தக்காரர்கள் சிலர் வெகு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த எண்ணூர்ப் பிள்ளைக்குச் சீக்கிரமே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நன்றாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சில வருஷம் கழித்து நடந்தது. சாமியார் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே நான் "சம்மதம்" என்று கத்திவிட்டதாக என் வீட்டுக்காரர் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார்.

ஓலை நின்றதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலையில், நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது, கடைக்காரர் கைவண்டியோடு வந்து நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். மனுஷர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மூணாவது ஓலை இல்லன்னா ஆர்டரும் இல்ல அண்ணாத்த. பேச்சு பேச்சா இருக்கட்டும். நா எடுத்துகினு போறேன். பாப்பா மேல எனக்கு ஒண்ணும் வருத்தம் கெடையாது" என்றார். சொல்லிவிட்டு ஒரு காலைக் கழற்றக் குனிந்தார்.

நைனா, "இரு" என்றார்.

அவர் கட்டிலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். இரண்டு நாளாகத் தெருவில் நின்று அதில் மீன் செதில் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தது. டீ டம்ளர் வைத்த வட்டம் ஒன்று விழுந்திருந்தது. சந்தில் இருந்த எல்லாரும், வழியில் போன முன்பின் தெரியாதவர்கள்கூட, அந்த இரண்டு நாளில் ஒரு தடவையாவது அதில் உட்கார்ந்து பார்த்திருந்தார்கள். உட்காராதவள் அம்மா மட்டும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் படுத்தது பாயில்.

நைனா வாசல் பக்கம் திரும்பி, "இன்னாமே, இந்தக் கட்டிலு நமக்கு வேணுமா, வாணாமா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டாள்.

"உன்னத்தான் கேக்கறேன்" என்றார் நைனா.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே படியிறங்கி வந்தாள். கட்டில் பலகையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அதன் ஓரத்தில், விருந்தாளி வீட்டில் உட்காருகிற மாதிரி, மெதுவாக உட்கார்ந்தாள். கொஞ்சம் உள்ளே தள்ளி உட்கார்ந்தாள். கால் தரையை விட்டு எழும்பியது. எனக்கு ரயில் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது, ஆனால் நான் நகரவில்லை.

"பீரோன்னு அன்னிக்கே சொன்னேன்" என்றாள் அம்மா. அவள் குரல் பக்கத்து வீடு வரைக்கும் கேட்டது. "சரி, கட்டிலே இருக்கட்டும். ஜன்னலோரமா போடணும். அந்தப் புறா வாணாம், இழைச்சி எடுத்துடச் சொல்லு."

கடைக்காரர் நைனாவைப் பார்த்தார். நைனா தலையாட்டப் போனார். பிறகு வாயைத் திறந்து, "சரி, செய்யி" என்றார்.